பாதித் துடுப்பு

ஆற்றங்கரையில் அவருக்கு ‘விசில்’ என்று பெயர். ஆற்றுக் காவலர் என்று அரசாங்கம் கொடுத்த பட்டமும் ஒன்று இருந்தது, சட்டைப் பைக்கு மேலே நூலால் தைத்தும் கொடுத்திருந்தார்கள். அதை யார் படித்தார்கள்? கழுத்தில் தொங்கும் விசிலை அவர் ஒரு தடவை ஊதினால் போதும், இரண்டு வளைவு தள்ளித் திருட்டுத்தனமாகத் தண்ணீரில் நிற்கிற ஆள்கூடத் தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். சத்தமும் கோபமும் எல்லாம் அந்த விசிலுக்குத்தான். ஆள் சாது. அடுத்த வீட்டுப் பூனை சமையலறையில் புகுந்தால்கூட ‘போயேம்மா’ என்று கெஞ்சுகிற ரகம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் காத்தது மூடிய ஆற்றை. யாரும் வரக் கூடாத இடத்துக்கு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும், “தூண்டில் போடறதுக்கு ஒரு ஆளும் இல்லாத ஆறு என்ன ஆறு? சாக்கடைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று பொருமுவார்.

ஆறு மூடிக் கிடந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஆற்று மீன் ஒரு தனிப் பிறவி. ஆற்றில் பிறக்கும், விரல் நீளம் வளர்ந்ததும் கடலுக்குப் போகும், அங்கே நன்றாகத் தின்று கொழுத்து மூன்றாம் வருஷம் பிறந்த இடத்துக்கே திரும்பி வரும். ஒருவரிடமும் வழி கேட்காது. அந்த மீன் குறைந்துகொண்டே வந்து, இனி இருக்குமோ இருக்காதோ என்ற நிலைக்கு வந்தபோது தூண்டிலுக்குத் தடை போட்டார்கள். கூடவே கரையில் ஒரு பண்ணையும் கட்டினார்கள். அங்கே முட்டை பொரித்து, குஞ்சு வளர்த்து, ஆற்றில் விட்டார்கள். அதுவும் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தது. வந்ததில்தான் வினையே. தானாகப் பிறந்த ஆற்று மீனும், தொட்டியில் பிறந்த பண்ணை மீனும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரட்டைப் பிள்ளைகள். எதைப் பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்று யார் சொல்வது? பண்ணை மீன் வேண்டிய மட்டும் துள்ளியது, ஆறு மூடியேதான் கிடந்தது.

வேறு ஊர்களில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். இந்த மீனுக்கு முதுகின் கடைசியில், வாலுக்குச் சற்று முன்னால், எலும்பே இல்லாத குட்டித் துடுப்பு ஒன்று உண்டு. பண்ணைக் குஞ்சை ஆற்றில் விடுவதற்கு முன்னால் அந்தத் துடுப்பை மட்டும் கத்தரித்து விட்டால், மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். முதுகு வழவழவென்று இருந்தால் பண்ணை மீன், வீட்டுக்குக் கொண்டு போகலாம். துடுப்பு இருந்தால் ஆற்று மீன், தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

இதை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று விசில் பண்ணை அதிகாரியின் உயிரை வாங்கினார். கூட்டம் என்றால் இதே பேச்சு, கல்யாண வீட்டில் பார்த்தாலும் இதே பேச்சு. அதிகாரி ஒரு சிடுமூஞ்சி, ஆனால் நியாயஸ்தர். கடைசியில் ஒருநாள், “சரிய்யா. ஒரு குஞ்சு விடாம வெட்டிக் காட்டுங்க. அது திரும்பி வர்ற வருஷம் ஆத்தைத் திறக்கறேன். வெட்டாத குஞ்சு கலந்துதுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது” என்றார். அன்று வீட்டுக்கு வந்த விசில் வாசலிலிருந்தே ஊதிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்தில் தீ விபத்தோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

வெட்டுகிற வேலை யாருடையது? அவருடைய மனைவியுடையதுதான்.

பண்ணையில் நீளமான தகரக் கொட்டகை ஒன்று உண்டு. நடுவில் தகடு அடித்த மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சுகளைப் போட்டு, அது மயங்கி மிதந்ததும் இடது கையில் எடுத்து, வலது கைக் கத்தரியால் அரிசி அளவுத் துடுப்பை அடியோடு நறுக்கி, பக்கத்துத் தொட்டியில் விட வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லாத வேலை, செய்தால்தான் தெரியும். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். கொஞ்சம் ஆழமாகப் போனால் குஞ்சு செத்துவிடும். கொஞ்சம் மேலாகப் போனால் அதைவிடக் கெடுதல், அடி விட்டுப்போன துடுப்பு மறுபடி முளைத்துவிடும். அவர் மனைவிக்கு அங்கே ‘மெஷின்’ என்று பெயர். பக்கத்து ஆளிடம் சினிமாக் கதை சொல்லிக்கொண்டே, மேஜையைக் குனிந்து பார்க்காமல் நறுக்கித் தள்ளுவாள், ஒன்றும் தப்பாது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அவளை முதலில் பார்த்ததும் அங்கேதான். சேற்றுக் காலோடு கொட்டகைக்குள் நுழைந்தவரை, கத்தரியை நீட்டி, “இன்னொரு அடி வச்சீங்க, உங்களுக்கும் ஒரு வெட்டு” என்றாள். அடுத்த மாதமே பெண் கேட்டு ஆள் அனுப்பினார்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி அழ வேண்டியதை அழுது, பேச வேண்டியதைப் பேசி, இரண்டு பேரும் எப்போதோ முடித்துவிட்டார்கள். இரண்டு அறை அரசாங்க வீடு, சுவரோரம் காயும் ரப்பர் பூட்ஸ், எந்த சோப்புக்கும் போகாத மீன் வாடை. சாயங்காலம் அவள் வெந்நீர்ச் சட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவர் அந்தக் கையை எடுத்துத் துடைத்து விடப் போவார். “விடுங்க, நாத்தம்” என்பாள். விட மாட்டார்.

துடுப்பு வெட்டிய அந்தப் பருவத்தில் அவள் ஒரு புதுத் தினுசாகக் கொஞ்ச ஆரம்பித்தாள். “இந்த மூடியத் திறந்து குடுங்களேன்.” “பின்னாடி பொத்தானப் போட்டு விடுங்களேன்.” இத்தனை வருஷம் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவள், திடீரென்று புதுப்பெண் மாதிரி ஆனதில் விசிலுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டாளிகளிடம்கூட அரைகுறையாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். “வயசு ஏற ஏறத்தான் பொண்டாட்டிக்கு நம்ம அருமை தெரியுது.” அவர்களுக்கு வயிறு எரிந்தது.

வெட்டி முடித்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டாயிற்று. அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் ஒரு காலை, அவர்கள் வெளியே கிளம்பும்போது அவளால் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. விரல் சாவியின் மேல் வழுக்கி வழுக்கி வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த நிமிஷமே அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

நரம்பு நோய் என்றார்கள். முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு. மருந்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் நேராகவே சொன்னார். முன்னால் வந்திருந்தாலும் இதே பதில்தான், பின்னால் வந்திருந்தாலும் இதே பதில்தான். ஒன்றரை வருஷம் தூக்கி உட்கார வைத்தார், தலை வாரி விட்டார், ஸ்பூனால் ஊட்டினார். கடைசி மாதங்களில் அவளுக்குப் பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் அவர் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. பிறகு அதுவும் நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “நோவு வந்த அன்னைக்கே பாத்துட்டேன். ஒரு நாள்கூட அவ தனியாக் கஷ்டப்படல. முதல் நாள்லேர்ந்து நான் கூட இருந்தேன்.” மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டுமே, அவருக்கு இது இருந்தது. உலகத்தில் மற்றது எல்லாம் போனாலும் இது போகாது என்று இருந்தார். அவள் தங்கையும் அதே மேஜையில் வேலை செய்தவள், அக்காவுக்குப் பக்கத்து இடம். விடுமுறை நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பாள். அவர் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

சொன்ன வாக்குப்படி மூன்றாம் வருஷம் அதிகாரி ஆற்றைத் திறந்தார். பொழுது விடிவதற்குள் கரை முழுக்கத் தூண்டில்காரர்கள். முழங்கால் பூட்ஸ் போட்ட கிழவர்கள், அப்பாவின் தொப்பியைப் போட்ட பெண்கள், மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். ஊர்ப் பல் டாக்டர் மூன்று தூண்டிலோடு வந்திருந்தார். முதல் மீன் அவருக்குத்தான் மாட்டியது. விசில் தண்ணீரில் இறங்கி, கைவலையில் கிடந்த மீனின் முதுகைத் தடவினார். வழவழவென்று இருந்தது.

“வெட்டு தெரியுதா டாக்டர்? எப்படி இருக்கு பாருங்க, இழைச்ச மாதிரி. எங்க வீட்டுக்காரி கை” என்றார். மேஜையில் அத்தனை பெண்கள் வெட்டினார்கள். இது யார் கை என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்று பிடிபட்ட மீன் ஒவ்வொன்றுக்கும் அவர் அதையேதான் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். விசில் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அவள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் அதே டாக்டர் கரையிலிருந்து கத்தினார். “விசிலு, இங்க வாங்க! இது என்ன ஜாதி?”

மீனின் முதுகில் துடுப்பு இருந்தது. ஆனால் முழுத் துடுப்பு இல்லை. பாதியில் நறுக்கி, நறுக்கிய இடத்தில் கோணலாகச் சதை வளர்ந்து, கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

“சட்டப்படி துடுப்பு இருக்கு, விடுங்க” என்றார் விசில்.

“பாதிதான்யா இருக்கு!”

“பாதிப் பல்லு இருந்தா இல்லன்னா சொல்வீங்க? விடுங்க டாக்டர்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், டாக்டரும் சிரித்துக்கொண்டே விட்டார். விசில் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும் அது என்னவென்று. மேஜையில் எவளோ அடியோடு வெட்டாமல் மேலாக நறுக்கிவிட்டிருக்கிறாள், அது முளைத்துவிட்டது. ஒன்றிரண்டு என்றால் எந்த ஊரிலும் நடக்கிறதுதான். மறுநாள் இன்னும் சில வந்தன. அடுத்த வாரம் பாதித் துடுப்பு, முக்கால் துடுப்பு, ஓரத்தில் நகக்குறி போல ஒரு வடு மட்டும் என்று வந்துகொண்டே இருந்தன. கரையில் தினமும் சண்டை. இதைக் கொண்டு போகலாமா கூடாதா? இதற்கிடையே ஒருவன், ஆற்று மீனின் முழுத் துடுப்பை நகவெட்டியால் பாதி நறுக்கிவிட்டு, ‘இதுவும் அந்தப் பாதித் துடுப்பு ஜாதிதான் சார்’ என்று கொண்டுவந்து காட்டினான். மூன்று வருஷத்து வெட்டில் ரத்தமா சொட்டும்? கையும் களவுமாகப் பிடித்து அவனைக் கரையை விட்டுத் துரத்தினார். அன்றைக்கு அவர் ஊதிய ஊது பண்ணை வரைக்கும் கேட்டதாம்.

நேரே அதிகாரியிடம் போனார். “விசாரிங்க சார். அந்த வருஷம் மேஜையில இருந்த எல்லாரையும் கூப்பிடுங்க. யாரு இப்படி வேலைய ஏமாத்தினதுன்னு தெரியணும். ஒருத்தி செஞ்ச சோம்பேறித்தனத்துக்கு ஆறே மூடிப்போகும் போல இருக்கு.”

“இப்ப தெரிஞ்சு என்னய்யா ஆகப்போகுது?”

“எனக்குத் தெரியணும் சார்.”

அதிகாரி பெருமூச்சு விட்டு, சரி, வார முதல் நாள் கூப்பிடுகிறேன் என்றார்.

விடுமுறை நாளில் மச்சினி சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் தட்டில் கை வைக்கவே இல்லை. மேஜையில் கையைத் தட்டித் தட்டிப் பேசினார். “உன்னையும் கூப்பிடுவாங்க. யாருன்னு உனக்கு ஞாபகம் இருந்தா மறைக்காமச் சொல்லிடு. அந்த மூலையில உக்காந்து அரட்டை அடிச்சுக்கிட்டே இருப்பாளே, அவளாத்தான் இருக்கும். உங்க அக்கா எப்படி வெட்டினா! அவ பேருக்கும் சேத்து இல்ல களங்கம்? அவ உசிரு போறவரைக்கும் இந்த ஆறு திறக்கணும் திறக்கணும்னு இருந்தவ. அத ஒருத்தி பாழாக்கிட்டா. அவ கை விளங்காமப் போக!”

“அத்தான், நிறுத்துங்க.”

“ஏன் நிறுத்தணும்? சம்பளம் வாங்கிக்கிட்டு...”

“போயிடுச்சு அத்தான்” என்றாள் மச்சினி. “விளங்காமத்தான் போயிடுச்சு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு புரிந்தது. புரிந்த பிறகும் புரியாதவர் மாதிரி, “சாவிக்கு அப்புறந்தானே?” என்று கேட்டார். “அப்ப வெட்டு முடிஞ்சு குஞ்செல்லாம் ஆத்துல விட்டாச்சே?”

“சாவிக்கு முன்னாடி எவ்வளவோ அத்தான். மேஜை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே கத்தரி நழுவிச்சு. குளிர்னு சொன்னா. அப்புறம் எங்கிட்ட மட்டும், கட்டைவிரல் என் பேச்சக் கேக்கலடின்னா. அந்த வருஷம் ஆளும் கம்மி, ரெண்டு பேரு நின்னுட்டாங்க. ‘நானும் எழுந்துட்டா வெட்டாமப் போயிடும். ஒரு குஞ்சு விட்டாலும் திறக்க மாட்டேன்னு அதிகாரி சொல்லியிருக்காரு. அவர் எத்தன வருஷமா இதுக்காக அலையறாரு. இது முடியட்டும், நானே சொல்லிக்கறேன்’னா. அவ தொட்டியிலேர்ந்து நான் எடுத்து எடுத்து மறுபடி வெட்டினேன் அத்தான். என் பங்கையும் வெட்டிட்டு எத்தனயத்தான் வெட்டுவேன்? அந்தச் சின்னக் குஞ்சுல பாதி வெட்டும் முழு வெட்டு மாதிரிதான் இருக்கு. கடைசி நாளுங்கள்ல கத்தரிய மூடவே முடியல அவளால. மூடற மாதிரி செஞ்சுட்டு அப்படியே தண்ணியில விட்டா.”

“மேஜையில மத்தவங்களுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல.”

எல்லாருக்கும் தெரியும். அவரைத் தவிர. மூடியைத் திறந்து குடுங்களேன், பொத்தானைப் போட்டு விடுங்களேன். கொஞ்சல் என்று நினைத்துக் குளிர்ந்துபோய்க் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டாரே, அந்த ஒவ்வொரு நாளும் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் விரல் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு பருவம் முழுக்கத் தனியாக இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில்.

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொல்லத்தான் இருந்தா. அதுக்குள்ள நீங்க சாவியப் பாத்துட்டீங்க. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும், முதல் நாளே பாத்துட்டேன், முதல் நாளே பாத்துட்டேன்னு சொன்னீங்க. அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட, ‘அவருக்கு அது ஒண்ணுதான்டி ஆறுதல், இருந்துட்டுப் போகட்டும், நீ எதுவும் சொல்லிடாதே’ன்னா. நானும் இத்தன நாள் வாயக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு அவ கைய நீங்க திட்டினத என்னால கேக்க முடியல.”

விசில் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று முன்னால் மேஜையைத் தட்டிச் சாபம் கொடுத்த கை. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று மச்சினி பிற்பாடு சொன்னாள். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, அவர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதிகாரியின் வீட்டுக்கு நடந்தார்.

அதிகாரி லுங்கியோடு கதவைத் திறந்தார். விடுமுறை நாளில் தொந்தரவா என்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“விசாரணை வேண்டாம் சார். அது என் வீட்டுக்காரி” என்றார் விசில். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், “ஆத்தை மூடிடுங்க” என்றார்.

“என்னய்யா சொல்றீங்க? திறக்கச் சொல்லி என் உயிர வாங்கினது நீங்கதானே?”

“நான்தான் சார். பிடிச்சு விடற மீனுலயும் கொஞ்சம் செத்துத்தான் போகும். பண்ணை மீன் நிறைய மாட்டும், ஆத்து மீன் ஒண்ணு ரெண்டுதான் அடிபடும்னு நம்பித்தான் திறந்தோம். இப்ப எது எதுன்னு தெரியாம எல்லாத்தையும் பிடிச்சுப் பிடிச்சு விடறாங்க. நகவெட்டிக்காரன் இன்னைக்கு ஒருத்தன், நாளைக்குப் பத்துப் பேரு. இப்படியே போனா மிச்சம் இருக்கற ஆத்து மீனும் போயிடும். மூடிடுங்க. மேல தடுப்பணைக் கூண்டுல நானே நின்னு, ஒவ்வொண்ணாத் தொட்டுப் பிரிச்சு விடறேன்.”

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க” என்று மட்டும் சொன்னார். அதற்கு முன்னால் அவர் விசிலை உட்காரச் சொன்னதே கிடையாது. “அவங்க பேரு வெளிய வராது” என்றார் பிறகு.

“வந்தா வரட்டும் சார். அவ ஒண்ணும் சோம்பேறி இல்லயே” என்றார் விசில். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அதிகாரியின் வீட்டு நாற்காலியில், பூட்ஸ் காலோடு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

மறுநாள் கரையில் பலகை வைத்தார்கள். தூண்டில்காரர்கள் கூடி நின்று திட்டினார்கள். ‘திறந்து முழுசா ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள மூடிட்டான், விளங்குமா இந்த ஆறு?’ அவர்களுக்கு வேறு என்ன தெரியும்? பலகையை அடித்தவர் விசில்தான். அவள் கை போகிற மட்டும் போகட்டும் என்று இருந்து திறந்து கொடுத்த ஆற்றை, தன் கையாலேயே ஆணி அடித்து மூடினார். பல் டாக்டர் மட்டும் மூன்று தூண்டிலையும் காரில் ஏற்றிவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் பலகையின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

பண்ணைக்கு மேலே ஒரு தடுப்பணை உண்டு. அதன் ஓரத்தில் மீன் துள்ளித் துள்ளி ஏறிப் போவதற்குப் படிப்படியாகத் தொட்டிகள். கடைசித் தொட்டியில் கூண்டு. கூண்டுக்கு இரண்டு கதவு. மேல் கதவைத் திறந்தால் மீன் மேல் ஆற்றுக்குப் போய்த் தன்னிஷ்டத்துக்கு முட்டை போடும். பக்கக் கதவைத் திறந்தால் பண்ணைத் தொட்டிக்கு. அங்கே போனது திரும்பாது. முட்டையை எடுத்துக்கொண்டு மண்டையில் ஒரு தட்டு. ஆற்று மீன் மேலே, பண்ணை மீன் பக்கத்தில். கலந்தால் மேல் ஆற்றில் இருக்கிற கொஞ்ச நஞ்ச நல்ல விதையும் கெட்டுவிடும். இது அவர் வாயாலேயே ஊருக்கெல்லாம் சொன்ன பாடம்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் ஒவ்வொரு மீனாகப் பிடித்தார். விரலால் முதுகைத் தடவினார். வழவழப்பாக இருந்தால் பக்கக் கதவு. பாதித் துடுப்பா, அதுவும் பக்கக் கதவு. ஓரத்தில் சின்ன வடுவா, அதுவும் அங்கேதான். மீன்கள் வரிசையாகவா வரும்? அவள் நன்றாக இருந்த நாள், கத்தரி நழுவிய நாள், ஒன்றுமே முடியாமல் போன நாள், எல்லாம் கலந்து கட்டி வந்தது. இவராகத்தான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். இது ஆரம்பத்தில், அப்போது அடி வரைக்கும் அழுத்த முடிந்திருக்கிறது. இது கொஞ்சம் தள்ளி. இதில் கத்தரியின் நுனி மட்டும் பட்டிருக்கிறது, அன்று சாயங்காலம் வெந்நீர்ச் சட்டியில் வெகுநேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாளே, அந்த நாளாக இருக்கும். ‘இத்தன குளிரா?’ என்று கேட்டதற்கு, ‘ஆமா’ என்று சிரித்தாள். கூட நின்று பார்க்க வேண்டிய நாட்களையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, பார்த்ததை உடனே சாவதற்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வேலை அது. கை தவறாமல் செய்தார்.

பருவம் முடிகிற சமயம், வரத்து நின்றுபோய்க் கூண்டு காலியாகக் கிடந்த ஒரு மத்தியானம் ஒரே ஒரு மீன் ஏறி வந்தது. பெட்டை, வயிறு நிறைய முட்டை. கைவலையில் எடுத்து முதுகைத் தடவினார். துடுப்பு முழுசாக இருந்தது. வடு இருக்கிறதா என்று பார்த்தார். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

ஆற்று மீனாக இருக்கலாம். அவள் கத்தரியை வைத்து, மூட முடியாமல், அப்படியே தண்ணீரில் விட்ட குஞ்சாகவும் இருக்கலாம். இதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

மீன் அவர் கையில் ஒரு தடவை திமிறியது. முழுத் துடுப்பு என்றால் மேலே விட வேண்டும், அதுதான் சட்டம். விசில் மேல் கதவைத் திறந்து, மீனைத் தண்ணீருக்குள் இறக்கி, அது தானாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். அது போன பிறகும் கையை எடுக்கவில்லை. தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. விரல் மரத்து, மடக்கினால் மடங்காமல் போகிற வரைக்கும் கையை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.